12 மணி நேர ஷிப்டும் உடற்தகுதித் தேர்வும்: போர் விமானப் பிரிவில் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

போர் விமானப் பராமரிப்புப் பிரிவில் 12 மணி நேர ஷிப்டில் இருப்பதாகவும், உடற்தகுதித் தேர்வுக்கு இரண்டு மாதங்களே இருக்கும் நிலையில் பயிற்சிக்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். விமான டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் இதே சிக்கலில் உழன்றவன் நான். அதில் பாதிக்காலம் அதைத் தவறாகவே கையாண்டேன் என்பதால், அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

நேரம் போதாதபோது நாம் முதலில் கைவைப்பது தூக்கத்தில்தான். இரவு ஷிப்ட் முடிந்து, விமானங்களை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்துவிட்டு, படுக்கைக்குப் போகாமல் நேராக மைதானத்துக்குப் போய் ஓடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், அதிகாலை நேரத்தில், சக்கரம் மடங்கி உள்ளே போகும் அறையில் டார்ச்சை வைத்துவிட்டு மறந்துபோனேன். கருவிப்பெட்டியைச் சரிபார்த்தபோது ஓர் இடம் காலியாக இருந்ததால்தான் அந்த விமானம் புறப்படாமல் நின்றது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று டாசன், ரீட் என்னும் ஆய்வாளர்கள் 1997இல் காட்டியிருக்கிறார்கள். குடித்துவிட்டு, விமானங்களை நிறுத்திப் பராமரிக்கும் ஹேங்கருக்குள் வருபவரை நாம் அனுமதிப்பதில்லை. தூங்காமல் ஓடிவிட்டு வருபவரை மட்டும் கட்டுப்பாடு மிக்கவர் என்று பாராட்டுகிறோம்.

ஆகவே, பயிற்சியைப் பணிநேரத்துக்குள்ளேயே கொண்டுவர முயலுங்கள். விமானங்கள் புறப்பட்டுச் சென்ற பிறகு அவை திரும்பி இறங்கும் வரை ஓர் இடைவெளி இருக்கும். எழுத்துவேலை அதில் பாதியை விழுங்கிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆயினும் 15 நிமிடம் மிஞ்சும் நாட்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். தண்டால், உட்கார்ந்து எழுந்திருத்தல், வயிற்றுத் தசைக்கான பயிற்சி ஆகியவற்றுக்கு அது போதும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாட்களேனும் தசை வலுவூட்டும் பயிற்சியும் தேவை என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 நிமிடம் நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020இல் கைவிட்டுவிட்டது. துண்டு துண்டாகச் செய்வதும் கணக்கில் சேரும்.

ஓட்டத்தை மட்டும் இப்படித் துண்டுபோட முடியாது. அதை வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, வேலை தொடங்குவதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நெருங்குகிறதே என்று தூரத்தைத் திடீரென இரட்டிப்பாக்கினால், ஏற்கெனவே கான்கிரீட் தரையில் நாள் முழுவதும் நின்ற கால்களில், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் நுண்ணிய விரிசல் விழக்கூடும். எங்கள் பிரிவில் இரண்டு பேர் தேர்வையே தவறவிட்டது அப்படித்தான்.

விமானிகளுக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். தலையும் தலைக்கவசமும் சேர்ந்து 6 முதல் 7 கிலோ இருக்கும். விமானம் வேகமாகத் திரும்பும்போது உண்டாகும் 9 ஜி விசையில், அதாவது புவியீர்ப்பைப் போல் ஒன்பது மடங்கு விசையில், அதுவே 60 கிலோ அளவுக்குக் கழுத்தை அழுத்தும். இரத்தம் மூளையிலிருந்து கீழிறங்காமல் தடுக்கக் கால்களையும் வயிற்றையும் இறுக்கி மூச்சை அடக்க வேண்டியிருப்பதால், அவர்களுக்கு வெறும் ஓட்டத்தைவிட வலுப்பயிற்சியே முக்கியம். ஆனால் பறப்பதற்கு முந்தைய நாள் கடுமையாகச் செய்து தசைவலியோடு விமானத்தில் ஏறினால், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதே சிரமமாகிவிடும். உடலில் நீர் குறைந்தாலும் ஜி விசையைத் தாங்கும் திறன் குறையும். ஆகையால் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமல் பறக்கப் போவது ஆபத்து.

இவை எதுவும் தனி ஒருவரின் மனவுறுதியால் நெடுநாள் நிலைக்காது. பறப்புத் திட்டம் எழுதப்படும் அதே பலகையில், எந்தக் குழுவுக்கு எந்த நேரத்தில் பயிற்சி என்பதையும் எழுதச் சொல்லி உங்கள் ஷிப்ட் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். எங்கள் மேற்பார்வையாளர் முதலில் மறுத்தார். குழுவைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி பயிற்சிக்குப் போகும்போது மறுபாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று பெயர்ப்பட்டியலோடு போய் நின்றபோது, ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். நான் மாற்றலாகிப் போகும்வரை அந்தப் பட்டியல் பலகையில் இருந்தது.