வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

திருநெல்வேலியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளுக்கு வயது 26. சென்னையில் ஐ.டி. கம்பெனியில் நான்கு வருடமாக புரொடக்‌ஷன் சப்போர்ட் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும்) வேலை. கூடப் படித்தவர்கள் பாதிப் பேர் அமெரிக்காவில். டல்லாஸில் இருக்கும் பெரியப்பா மகன் வாரம் ஒருமுறை போன் போட்டு, “சப்போர்ட்டில் கிடந்தால் வாழ்க்கை அவ்வளவுதான், எம்.எஸ். அனுப்புங்கள்” என்கிறார். பாளையங்கோட்டை வீட்டின் பேரில் 45 லட்சம் கடன் தர வங்கி தயார். எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்கிறீர்கள்.

பயப்படுவது இயல்புதான். ஆனால் பல்கலைக்கழகப் பெயர் எதையும் நான் சொல்லப்போவதில்லை. முதலில் கணக்கைப் பாருங்கள். 45 லட்சம், 11 சதவீத வட்டி, 10 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறத்தாழ 62,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 74 லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. அங்கே படித்து முடித்தால் வேலை பார்க்க 12 மாத அனுமதி உண்டு, தொழில்நுட்பப் படிப்பு என்றால் இன்னும் 24 மாதம். அதன்பின் தங்க வேண்டுமானால் ஆண்டுக்கு 85,000 என்று வரம்பு வைத்த விசாவுக்கு உலகத்தோடு போட்டி. கிடைக்காமல் ஊர் திரும்பினால் அந்த 62,000 ரூபாயை இந்தியச் சம்பளத்தில்தான் கட்டியாக வேண்டும். வீட்டுக்காரர் மருந்து மொத்தக்கடை நடத்துகிறார், வேறு சொத்து இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் வீட்டை வைப்பதற்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு குறை சொல்லியிருக்கிறீர்கள்: “புரோகிராம் எழுதப் பிடிக்கவில்லை என்கிறாள். லீவுக்கு வந்தால்கூட நோட்டில் கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறி வரைந்துகொண்டிருக்கிறாள். ராத்திரி எந்தச் சிஸ்டத்திலிருந்து எந்தச் சிஸ்டத்துக்கு ஃபைல் போகிறது என்று ஆபீஸில் எல்லோரும் இவளைத்தான் கேட்பார்களாம்.” கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்ட வரிகள் இவைதான். அந்தக் கட்டங்களும் அம்புகளும் ஒரு தொழில். அதற்கு எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். (ஆர்க்கிடெக்ட் என்றதும் வீட்டுக்கு எலிவேஷன் போட்டுத் தரச் சொல்லி உறவுக்காரர்கள் வருவார்கள். சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுங்கள்.)

அவள் பார்ப்பது காப்பீட்டுக் கம்பெனியின் வேலை என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன். கிளெய்ம் பணம் கொடுக்க 21 நாள் ஆகிறது, அதை 7 நாளாகக் குறைக்க வேண்டும் என்று ஒரு நிர்வாகம் முடிவெடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஐ.டி. துறைக்கு இது தெரிந்ததும் ஒருவர் சாட்பாட் வாங்கலாம் என்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றலாம் என்பார். எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் அந்தக் கூட்டத்தில் கேட்பது வேறு: அந்த 21 நாளும் எங்கே போகிறது? கிளெய்ம் தொடுகிற வேலைகளைப் படிப்படியாக எழுதி, ஒவ்வொரு படிக்கும் எந்த மென்பொருள், எந்தத் தகவல், யார் பொறுப்பு என்று இணைத்துப் பார்ப்பார். மருத்துவமனைக் காகிதம் இரண்டு இடத்தில் தட்டச்சாவதும், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு இரவில் மொத்தமாக ஓடும் கணினி வேலைக்காகக் காத்துக் கிடப்பதும், பாலிசிதாரர் பெயர் மூன்று சிஸ்டத்தில் மூன்று விதமாக இருப்பதால் கோப்பு திரும்பி வருவதும் அப்போதுதான் வெளியே வரும். சாட்பாட் வாங்கினால் இதில் ஒன்றுகூடத் தீராது. கம்பெனியின் குறிக்கோளிலிருந்து கணினி வரைக்கும் ஒரே கோடாக இழுத்துக் காட்டி, எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது என்று சொல்வதுதான் இந்த வேலை.

இதற்கென்று முறைகள் உண்டு. ஜான் சாக்மன் 1987-இல் ஐபிஎம் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தத் துறையைக் கணக்கிடுவார்கள். இப்போது அதிகம் புழங்குவது டோகாஃப் (TOGAF) என்ற வழிமுறைத் தொகுப்பு. முதல் பதிப்பு 1995, பத்தாம் பதிப்பு 2022. நம் மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் 2018-இல் இண்டியா (IndEA) என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கான கட்டமைப்பு ஒன்றைக் கொண்டுவந்தது.

அன்றாட வேலை என்னவென்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் கேப்பபிலிட்டி மேப். கம்பெனி என்னென்ன செய்கிறது என்பதை ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளில் போடுவது: பாலிசி வடிவமைப்பு, முகவர் நிர்வாகம், அண்டர்ரைட்டிங் (யாருக்கு என்ன பிரீமியத்தில் பாலிசி தரலாம் என்று எடைபோடுவது), பிரீமியம் வசூல், கிளெய்ம், மறுகாப்பீடு, முதலீடு, கணக்கு என்று. ஒவ்வொன்றையும் இரண்டு, மிஞ்சினால் மூன்று அடுக்கு பிரித்தால் போதும், அதற்குக் கீழே போனால் யாரும் படிக்க மாட்டார்கள். புதிதாக வருபவர்கள் இங்கே செய்யும் தவறு, டிபார்ட்மெண்ட் பட்டியலை அப்படியே பெட்டியாக்கிவிடுவது. டிபார்ட்மெண்ட் வருடத்துக்கு ஒருமுறை மாறும், பிரீமியம் வசூலிக்கும் வேலை மாறாது. ‘யார்’ என்று எழுதாமல் ‘என்ன’ என்று எழுத வேண்டும்.

அடுத்தது அப்ளிகேஷன் பட்டியல். மென்பொருளின் பெயர், எந்தப் பெட்டிக்கு உதவுகிறது, தொழில் பக்கத்தில் யார் உரிமையாளர், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், வருடச் செலவு, ஒப்பந்தம் முடியும் தேதி, என்ன தகவல் வைத்திருக்கிறது, யாருக்கு அனுப்புகிறது. கேட்க எளிதாக இருக்கும். உட்கார்ந்து நிரப்பினால் ‘உரிமையாளர்’ கட்டம்தான் காலியாகவே நிற்கும். உரிமையாளர் இல்லாத மென்பொருளை நிறுத்தவும் ஆள் கிடையாது, திருத்தவும் கிடையாது, பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் மேஜையில் இருக்கும் எக்செல் ஷீட்டையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். மாதக் கடைசிக் கணக்கு அதில்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இணைப்புகளின் கணக்கும் தெரிய வேண்டும். பத்து மென்பொருள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசினால் 45 இணைப்பு வரைக்கும் வரலாம், நாற்பது என்றால் 780. ஒன்றை மாற்றினால் எது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு மென்பொருளையும் நான்கில் ஒரு கூடையில் போடுவார்கள்: இப்படியே விடுவது, பணம் போட்டு வளர்ப்பது, வேறிடத்துக்கு மாற்றுவது, மூடுவது. மூடுவது என்று வரும்போதுதான் சண்டை வரும். செலவும் ஒப்பந்தத் தேதியும் கையில் இல்லாமல் அந்தக் கூட்டத்துக்குப் போகவே கூடாது. இந்தப் படங்களை வருடக்கணக்கில் புதுப்பிக்காமல் விட்டுவிடுவது அடுத்த கோளாறு. புதுத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் இடத்திலேயே ‘வரைபடத்தைத் திருத்தினாயா’ என்ற கேள்வி இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

இதெல்லாம் காகித வேலை என்று பெரியப்பா மகன் சொன்னால் பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கியின் கதையைச் சொல்லுங்கள். 2018 ஏப்ரலில் பழைய கணினி முறையிலிருந்து புதியதற்கு வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே வார இறுதியில் மாற்றினார்கள். இரண்டு டேட்டா சென்டரில் ஒன்றில் மட்டும்தான் சுமைச் சோதனை நடந்திருந்தது. 19 லட்சம் பேரால் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் போட்ட அபராதம் 4.865 கோடி பவுண்டு. எது எதோடு இணைந்திருக்கிறது, எதை எந்த வரிசையில் நகர்த்துவது என்பதை நிர்வாகத்துக்குப் புரியும்படி முன்கூட்டியே சொல்லும் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது இதற்காகத்தான்.

இனிமேல் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. 26 வயதில் இந்தப் பதவி யாருக்கும் கிடைக்காது. பத்துப் பன்னிரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகு வருவது இது. ‘மூன்று மாதத்தில் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட்’ என்று விளம்பரம் செய்து லட்சக்கணக்கில் கேட்கும் பயிற்சி நிலையங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆனால் அவள் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. நான்கு வருட சப்போர்ட்டில் எது எங்கே உடைகிறது என்று பார்த்திருக்கிறாள். கோட் மட்டும் எழுதியவர்களில் பலருக்கு அந்தப் பார்வை கிடையாது.

முதல் வருடத்தில் காப்பீட்டைப் படிக்கட்டும். மும்பையிலுள்ள இன்ஷூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா நடத்தும் லைசென்ஷியேட் தேர்வைத் தொழில்நுட்ப ஆட்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஐசி-01, ஐசி-14 போன்ற தாள்கள். வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம், செலவு சில ஆயிரம் ரூபாய்தான். ‘சரண்டர் வேல்யூ’ (பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கிடைக்கும் தொகை) என்றால் என்னவென்று தெரியாதவர் வரைந்த படத்தைத் தொழில் மேலாளர் மதிக்க மாட்டார். கூடவே தகவலைத் தேடி எடுக்க எஸ்க்யூஎல், வேலைப்போக்கு வரைய பிபிஎம்என், கட்டமைப்பு வரைய ஆர்க்கிமேட். ஆர்க்கிமேட்டுக்கு ஆர்க்கி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டாம் வருடத்தில் அதே கம்பெனியில் பிசினஸ் அனலிஸ்ட் (தொழில் பக்கத்தின் தேவையை ஐ.டி.க்கு எழுதித் தருபவர்) பக்கம் மாறக் கேட்க வேண்டும். வெளியே கம்பெனி தாவுவதைவிட உள்ளேயே மாறுவது எளிது. டோகாஃப் தேர்வு அதன்பிறகு போதும். முதல் பகுதி 60 நிமிடத்தில் 40 கேள்வி, அடுத்தது 90 நிமிடத்தில் சூழ்நிலை சார்ந்த 8 கேள்வி. இரண்டிலும் 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. இரண்டாம் பகுதியில் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம். கட்டணம் சில நூறு டாலர், கம்பெனியே திருப்பித் தருமா என்று முதலில் மனிதவளத் துறையிடம் கேட்கட்டும். மூன்றாம் வருடம் ஓ.எம்.ஆர்., போரூர், கிண்டி பக்கம் வெளிநாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நடத்தும் ஜிசிசி மையங்களைப் பார்க்கலாம். தேட வேண்டிய பதவி ‘ஆர்க்கிடெக்ட்’ அல்ல. ‘அப்ளிகேஷன் போர்ட்ஃபோலியோ அனலிஸ்ட்’, ‘இஏ அனலிஸ்ட்’ (இஏ என்பது எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்). லீன்ஐஎக்ஸ், ஸ்பார்க்ஸ் என்று இதற்கான மென்பொருள்களின் பெயரை விளம்பரத்தில் பார்த்தால் அது இந்த வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. வீட்டு நோட்டில் வரையும் அந்தப் படங்களில் வாடிக்கையாளர் கம்பெனியின் சிஸ்டம் பெயர்கள் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இண்டர்வியூவில் அதை எடுத்துக் காட்டினால் வேலை கிடைப்பது இருக்கட்டும், இருக்கிற வேலையும் ரகசிய ஒப்பந்தத்தை மீறியதாகப் போய்விடும்.

பழகிப் பார்க்க வீட்டிலேயே ஒரு நிறுவனம் இருக்கிறதே. அப்பாவின் மருந்துக்கடைக்கும் ஒரு குறிக்கோள் இருக்கும்: காலாவதியான சரக்கை மருந்துக் கம்பெனி கொடுத்த கெடுவுக்குள் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிவிட வேண்டும். பில் ஒரு மென்பொருளில், கணக்கு டேலியில், ஆர்டர் வாட்ஸ்அப்பில், காலாவதித் தேதி கல்லாவுக்குப் பக்கத்து நோட்டில் என்று சிதறிக் கிடக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடையின் வேலைகளைப் பெட்டிகளாக்கி, எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, பேட்ச் எண் எந்த இடத்தில் தொலைகிறது, அதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி அப்பாவிடம் விளக்கட்டும். விளக்கும்போது ஒரு ஆங்கிலத் தொழில்நுட்பச் சொல்கூட வரக்கூடாது.

மூன்று வாரம் கொடுங்கள். அப்பா அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கடையில் ஏதாவது ஒன்றை மாற்றினால் லைசென்ஷியேட்டுக்குப் பதிவு செய்யலாம். மூன்று வாரத்தில் அவள் அதைத் தொடவே இல்லையென்றால் இந்தப் பாதையும் அவளுக்கு வேண்டாம், எனக்கு மறுபடி எழுதுங்கள். எப்படியானாலும் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.