90 சதவீதம் புல் என்றால் எந்தக் கணக்கில்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் அயர்லாந்தில் கார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறாள். அங்கே வாங்கிய மாட்டிறைச்சிப் பொட்டலத்தில் ‘ஐரிஷ் கிராஸ் ஃபெட் பீஃப்’ என்ற பெயரும், நீலமும் மஞ்சளும் கலந்த வட்ட முத்திரையும் இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினாள். மாட்டின் தீவனத்தில் 90 சதவீதம் புல்லாக இருக்க வேண்டும் என்பது விதியாம். மீதிப் பத்து சதவீதம் என்ன? இதை முடிவு செய்வது யார்? நம்பி வாங்கலாமா?
– வாசகி, ஃப்ரேசர் டவுன், பெங்களூரு

பதில்: அந்த வட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டு முத்திரை. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் நம் நாட்டில் கிடைத்திருக்கும் பாதுகாப்பு போன்றதுதான். அங்கே இதில் இரண்டு வகை உண்டு. சிவப்பு-மஞ்சள் முத்திரை வேண்டுமென்றால் உற்பத்தியின் எல்லாக் கட்டங்களும் குறிப்பிட்ட வட்டாரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். நீல-மஞ்சள் முத்திரைக்கு ஒரு கட்டமாவது அங்கே நடந்தால் போதும்.

அயர்லாந்தின் உணவு வாரியமான போர்ட் பியா 2020-இல் இதற்கு விண்ணப்பித்தது. முதலில் அயர்லாந்துக் குடியரசுக்கு மட்டும் என்று கேட்கப்பட்ட குறியீடு, வட அயர்லாந்து உற்பத்தியாளர்களும் உரிமை கோரியதால் முழுத் தீவுக்குமானதாக விரிந்து, 2023-இல் பதிவானது. தீவனத்தில் குறைந்தது 90 சதவீதம் புல் இருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 220 நாட்கள் மாடு வெளியே மேய வேண்டும் என்பவை முக்கிய விதிகள். விதையடித்த எருதுகளும் கிடாரிகளும் 36 மாத வயதைத் தாண்டக் கூடாது; பசுக்களுக்கு 120 மாதம் வரை அனுமதி உண்டு. உடற்கட்டுக்கும் கொழுப்பின் அளவுக்கும் தனித் தர வரிசை இருக்கிறது. மீதிப் பத்து சதவீதம் பெரும்பாலும் பார்லி போன்ற தானியங்களும் பிற அடர்தீவனமும்தான்.

முடிவு செய்வது யார் என்று கேட்டிருந்தீர்கள். அளவுகளை எழுதுவது விண்ணப்பிக்கும் தரப்பே. ஊருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு உண்மையா என்பதை ஐரோப்பிய ஆணையம் ஆராய்ந்து, பிறர் எதிர்ப்புத் தெரிவிக்க அவகாசமும் தருகிறது. ஆனால் எல்லைக்கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பது உற்பத்தியாளர் அமைப்பின் கையில்தான் முதலில் இருக்கிறது. அதனால்தான் அந்த 90-ஐ நாம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

வாரியத்தின் புல்தீவனத் தரநிலை இந்த 90 சதவீதத்தை ஈர எடையில், அதாவது தீவனத்தை அதிலுள்ள தண்ணீரோடு சேர்த்து நிறுத்துக் கணக்கிடுகிறது. பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். தானியத்தில் தண்ணீர் ஏழில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு மாடு ஒரு நாளில் 45 கிலோ புல்லும் 5 கிலோ தானியமும் தின்றதாக வைத்துக்கொள்வோம். ஈர எடையில் புல் 90 சதவீதம், விதி நிறைவேறிவிட்டது. தண்ணீரைக் கழித்துப் பாருங்கள்: புல்லில் மிஞ்சுவது சுமார் 8.1 கிலோ, தானியத்தில் சுமார் 4.3 கிலோ. மாட்டின் உடம்பில் சேரும் தீவனத்தில் புல்லின் பங்கு 65 சதவீதம்தான். இது விதியின் விளிம்பில் நிற்கும் ஒரு நாளின் கணக்கு என்பதையும், மேய்ச்சல் நாட்களில் அங்கே பல மாடுகள் தானியத்தைத் தொடுவதே இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் தரநிலை என்பது விளிம்பில் நிற்பவரைக் கட்டுப்படுத்துவதற்காகவே எழுதப்படுகிறது.

உலர் எடையில் கணக்கிடுவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று யாரும் சொல்ல முடியாது. சிவப்பு-மஞ்சள் முத்திரைக்கான ஐரோப்பிய விதியே, வெளியூர்த் தீவனம் ஆண்டுக்கு உலர் எடையில் 50 சதவீதத்தை மீறக் கூடாது என்கிறது. இயற்கை வேளாண் சான்றிதழிலும் மாட்டின் அன்றாடத் தீவனத்தில் புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனம் உலர் எடையில் குறைந்தது 60 சதவீதம் இருக்க வேண்டும். அதே ஒன்றியத்தின் பாதுகாப்பைப் பெறும் ஒரு பெயர், தன் தலையாய எண்ணை மட்டும் ஈர எடையில் சொல்வது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. எண் 75-ஆகக் குறைந்தாலும் பரவாயில்லை, உலர் எடையில் சொல்லட்டும்.

220 நாள் விதியை மனதாரப் பாராட்டுகிறேன். மிதமான குளிரும் ஓயாத மழையும் சேர்ந்து புல்லை நீண்ட காலம் வளரவைக்கும் மண் அது; மாடு கொட்டகையில் நின்றதா, வயலில் நின்றதா என்பதைக் கண்ணால் சரிபார்க்கவும் முடியும். ஒவ்வொரு மாட்டுக்கும் காதுப்பட்டை எண்ணும், பிறந்தது முதல் எந்தப் பண்ணையில் இருந்தது என்ற பதிவும் அங்கே உண்டு. உங்கள் மகள் தாராளமாக வாங்கலாம். புல் மட்டுமே தின்ற மாடு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கேள்வி: ஹொசகோட்டே பக்கம் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து மாடு வளர்த்து, புல் தின்ற பசுவின் நெய் என்று பெங்களூரில் விற்கிறோம். எங்களுக்கென ஒரு தரவரையறை எழுத விரும்புகிறோம். அயர்லாந்து விதியைப் பின்பற்றலாமா?
– வாசகர், கிருஷ்ணராஜபுரம்

பதில்: கர்நாடகத்தில் 2020-ஆம் ஆண்டுப் பசுவதைத் தடைச் சட்டத்துக்குப் பின் மாட்டிறைச்சிக்கு இத்தகைய குறியீடு என்ற பேச்சுக்கே இடமில்லை, பாலுக்கும் நெய்க்கும் நீங்கள் கேட்பது நல்ல கேள்வி. அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஒரு கலப்பினப் பசுவுக்கு 25 கிலோ நேப்பியர் புல், 5 கிலோ ராகி வைக்கோல், புண்ணாக்கும் தவிடுமாக 5 கிலோ அடர்தீவனம் போடுகிறீர்கள் என்றால், ஈர எடையில் 86 சதவீதம் புல்லும் வைக்கோலும். உலர் எடையில் ஏறத்தாழ 68 சதவீதம். இரண்டாவது எண்ணையே எழுதுங்கள்.

அடுத்து, எது புல் என்று வரையறுங்கள். அமெரிக்க வேளாண் துறை 2007-இல் வெளியிட்ட தரநிலை, கதிர் பிடிக்காத தானியப் பயிரைப் புல்லாக ஏற்றது; கதிர் பிடித்ததை ஏற்கவில்லை. உங்கள் ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம், சைலேஜ்) முற்றிய கதிரோடு வெட்டிய மக்காச்சோளமாக இருந்தால், அதில் கணிசமான பங்கு தானியம். அதைப் புல் கணக்கில் சேர்ப்பது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். கட்டிப்போட்டு வெட்டிப்போட்ட புல்லுக்கும் மேய்ச்சலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் மறைக்காதீர்கள். மேய்ச்சல் நிலம் இல்லையென்றால், வெட்டிப்போட்ட பசுந்தீவனம் என்றே நெய்ப் பாட்டிலில் அச்சிடுங்கள்.

சரிபார்ப்பவர் இல்லாத தரநிலை நிலைக்காது. நான் சொன்ன அந்த அமெரிக்கத் தரநிலையையே 2016 ஜனவரியில் அத்துறை திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் புவிசார் குறியீட்டு விதிகளும், விண்ணப்பத்தில் கண்காணிப்பு அமைப்பின் விவரத்தை ‘இருந்தால்’ தரச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அந்த ஒரு சொல்லை நீக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். உங்கள் குழுவில் இல்லாத கால்நடை மருத்துவர் ஒருவரிடம் தீவனம் வாங்கிய ரசீதுகளைக் காட்டி, ஆண்டுதோறும் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? ஆய்வகத்தில் கொடுத்தால் புல் தின்றதா, தானியம் தின்றதா என்று சொல்லிவிட மாட்டார்களா?
– வாசகர், சிவாஜி நகர், பெங்களூரு

பதில்: ஓரளவு சொல்வார்கள். பச்சைப்புல் தின்ற மாட்டின் கொழுப்பு, பீட்டா கரோட்டினால் மஞ்சளாகும். ஒமேகா-3 கொழுப்பும் கூடும். ஆனால் 90-ஆ, 70-ஆ என்று பிரித்துச் சொல்வது கடினம். கார்பன் அணு வகைகளைக் கொண்டு மக்காச்சோளத்தையும் குளிர்நாட்டுப் புல்லையும் பிரித்தறியும் முறை ஒன்று உண்டு. இரண்டும் ஒளிச்சேர்க்கையில் வேறு வேறு வழியைப் பின்பற்றுவதால் அது சாத்தியமாகிறது. அயர்லாந்தின் பார்லியோ அங்குள்ள புல்லின் வழியையே பின்பற்றுகிறது. நம் நேப்பியரும் ராகியும் மக்காச்சோளத்தின் வழியைப் பின்பற்றுகின்றன. ஆக, அங்கே பார்லியையும் இங்கே மக்காச்சோளத்தையும் புல்லிலிருந்து அந்தச் சோதனையால் பிரிக்க முடியாது. தீவன ரசீதும் மேய்ச்சல் பதிவேடும்தான் சாட்சி.