நிறம் எதைச் சொல்கிறது? ஆய்வுகூடக் கேள்வி பதில்

திருகோணமலையில் மருத்துவ ஆய்வுகூடமொன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிறபொருளெதிரி என்பது குறித்த ஒரு பொருளைப் பற்றிப் பிடிக்கும் புரதம். அடையாளமிட்ட பிறபொருளெதிரிகளைக் கொண்டு செய்யும் பரிசோதனைகள் பற்றி ஊரார் கேட்டவற்றுள் சில இவை.

கிண்ணியாவிலிருந்து ஒரு தாய்: மகனுக்குக் காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் டெங்கு என்எஸ்1 பரிசோதனை செய்தோம். இல்லை என்றார்கள். மறுநாள் ஐஜிஎம் பார்த்து டெங்கு என்றார்கள். முதலில் பார்த்தவர்கள் பிழைவிட்டார்களா?

பதில்: பிழை நாளில் இருக்கிறது, சகோதரி. என்எஸ்1 வைரசின் புரதம். முதல் நாளிலிருந்தே குருதியில் தென்படும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கும். ஏற்கெனவே டெங்கு வந்தவருக்கு இன்னும் விரைவில் மறையும். ஐஜிஎம் அந்த வைரசுக்கு எதிராக நம் உடல் செய்யும் பிறபொருளெதிரி. நான்கைந்து நாளாகாமல் பெரும்பாலும் தெரியாது. 2017இல் டெங்கால் கிண்ணியா பட்ட துயரம் நமக்கு மறக்கவில்லை. "இல்லை" என்ற தாளை நம்பிப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். காய்ச்சல் தணியும் நேரம்தான் ஆபத்தானது. காய்ச்சல் எத்தனையாம் நாள் என்பதைப் பரிசோதனைத் தாளில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

உவர்மலையிலிருந்து உயர்தர மாணவி: எலைசா என்ற பரிசோதனையில் நிறம் எங்கிருந்து வருகிறது?

பதில்: பிள்ளை, தட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் பிறபொருளெதிரி ஒட்டியிருக்கும். குருதித் தெளியத்தை விட்டால், தேடும் பொருள் அதில் சிக்கும். கழுவுவோம். பிறகு நொதியம் பூட்டிய இரண்டாவது பிறபொருளெதிரியை விடுவோம். அது சிக்கிய பொருளின் மறுபக்கத்தைப் பிடிக்கும். மீண்டும் கழுவுவோம். கடைசியாக டிஎம்பி என்ற, நொதியம் பட்டால் நிறம் மாறும் நிறமற்ற கரைசல். நொதியம் இருக்கும் குழி மெல்ல நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகி நின்றுவிடும். அந்த மஞ்சளைக் கருவி 450 நானோமீற்றரில் அளக்கிறது.

நொதியத்துக்கு நோய் தெரியாது. கழுவாமல் எஞ்சிய ஒரு துளியிலும் அது நிறம் காட்டும். பயிற்சிக் காலத்தில் அவசரத்தில் ஒரு கழுவலை விட்டுவிட்டேன். 96 குழிகளும் நீலமாயின. அன்று முதல் தட்டைக் கவிழ்த்து, மடித்த கடதாசியில் ஈரம் படியாமல் போகும் வரை தட்டுகிறேன்.

மூதூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: முன்பு அடையாளமிட நொதியத்துக்குப் பதில் கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்தினார்களாமே?

பதில்: ஆம், ஐயா. ரோசலின் யாலோவும் சொலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் கதிரியக்க அயடீன் ஏற்றிய இன்சுலினைக் கொண்டு குருதியின் இன்சுலினை அளக்கத் தொடங்கினார்கள். பஸ்ஸில் இருக்கைகள் சிலவே. ஊரார் அதிகம் ஏறினால் சீருடைக்காரர் நிற்க வேண்டும். அதுபோல, ஊராரான நோயாளியின் இன்சுலின் கூடினால், சீருடைக்காரரான அடையாளமிட்ட இன்சுலின் குறைவாகவே பிறபொருளெதிரியில் அமரும். பெர்சன் 1972இல் இறந்துவிட்டார். 1977இல் நோபல் பரிசு யாலோவுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசில் பெர்சனுக்கும் பங்குண்டு என்றே நான் எண்ணுகிறேன். நொதியத்தைப் பூட்டும் எலைசா 1971இல் வந்தது.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: முடி உதிர்வுக்குப் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை எடுக்கிறேன். தைரொயிட் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) மிகக் குறைவு, டி4 (தைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்) அதிகம். எனக்கோ எந்தத் தொல்லையும் இல்லை.

பதில்: குளிசையைச் சந்தேகியுங்கள். சில கருவிகள் பயோட்டினையும் அதை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தையும் பிணைத்தே வேலை செய்கின்றன. உங்கள் குருதியில் மிகுந்த பயோட்டின் அந்த இடங்களை அடைத்துவிட்டால் டிஎஸ்எச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும். மருத்துவரிடம் குளிசையைக் காட்டுங்கள். அவர் சொல்லும் நாட்களுக்கு நிறுத்திவிட்டு மறுபடி குருதி கொடுங்கள். அதற்கு முன் தைரொயிட் மருந்தைத் தொடங்க வேண்டாம்.