விரல் மரத்துப்போனால் குண்டலினியா?

கேள்வி: எனக்கு 43 வயது. வீடு தண்டையார்பேட்டை. திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருஷமாக போனில் வீடியோ பார்த்து ஆசனம் செய்கிறேன். மூன்று மாதமாக பஸ்திரிகாவும் (மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விடுவது) மூச்சை அடக்குவதும் சேர்த்துக்கொண்டேன். செய்யும்போது இரண்டு கை விரலும் உதடும் மரத்துப்போகின்றன, தலை கிறுகிறுக்கிறது. எங்கள் பகுதியில் ஒருவர், "குண்டலினி, அதான் உள்ளே தூங்குற சக்தி, எழும்புது, தீட்சை வாங்கிக்கோ" என்று 25,000 ரூபாய் கேட்கிறார். வீட்டில் சொல்லக் கூடாதாம். எனக்கு உடம்புக்காக மட்டும் இல்லை, உள்ளே போக வேண்டும் என்று ஆசை. குரு இல்லாமல் முடியாதா?

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மூச்சு வாங்குவது மிஞ்சிப்போனதால் வருவது. வேகமாக இழுத்து இழுத்து விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. விரல், உதடு மரப்பதும் கரியமில வாயு இறங்குவதால்தான். பிறந்தநாளுக்கு இருபது பலூன் ஊதும் பிள்ளைக்கும் இதே கிறுகிறுப்பு வரும். அதற்கு யாரும் தீட்சை கொடுப்பதில்லை.

பிரஷர் இருப்பதால் பஸ்திரிகா, கபாலபாதி (வேகவேகமாக மூச்சை வெளியே தள்ளுவது), கும்பகம் (மூச்சை அடக்குவது), சிரசாசனம் நான்கையும் இன்றோடு நிறுத்துங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். பயிற்சி செய்யாத நேரத்திலும் மரத்துப்போனால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மரப்பது, வாய் குழறுவது, நெஞ்சு வலி என்று எது வந்தாலும் காத்திருக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி குரு விஷயம். நம்ம ஏரியாவில் குத்துச்சண்டை பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கையில் கிளவுஸ் மாட்டும் ஆசையோடு போன பையனை வாத்தியார் மாதக்கணக்கில் கால் எடுத்து வைக்க மட்டுமே விடுவார். அடி எப்படிக் கொடுப்பது என்று போனும் காட்டும். "இன்னிக்கு உனக்கு ரிங் வேணாம், போய்த் தூங்கு" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆள்தான் வேண்டும். யோகத்தில் ஆசிரியர் வேண்டும் என்பதும் இதற்குத்தான். உங்கள் தாடை இறுகியிருப்பதையும், மூச்சைப் பிடிக்கும்போது தோள் ஏறுவதையும் வீடியோ பார்க்காது.

திருமந்திரத்தில் மூச்சுக்கு ஒரு கணக்கு வருகிறது: இழுக்க 16 மாத்திரை (இங்கே மாத்திரை என்பது நேர அளவு), நிறுத்த 64, விட 32. இது போனில் ஒரு நொடியில் கிடைத்துவிடுகிறது. கிடைத்ததும் அன்றைக்கே 64 எண்ணிப் பார்க்கிறார்கள். நீங்களும் எண்ணியிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். அதே நூலின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளின் வரிசையைப் பாருங்கள். இயமம், நியமம் என்ற ஒழுக்கங்கள், ஆதனம் என்கிற ஆசனம் எல்லாம் தாண்டி நாலாவதாகத்தான் மூச்சுப் பயிற்சியான பிராணாயாமம் வருகிறது. இயமத்தில் கொல்லாமை, பொய்யாமை, களவின்மையோடு பகுத்துண்பதையும் திருமூலர் சேர்த்திருக்கிறார். யார்டில் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பவன் சாப்பிட்டானா என்று பார்ப்பதும் யோகத்தில் சேர்த்தி. "உள்ளே போக" ஆசைப்படுகிறவர்கள் பலரும் இந்த முதல் இரண்டு படியைப் பாயிரம் போல நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள்.

என் ஆசிரியர் எனக்குக் கும்பகம் சொல்லிக்கொடுத்தது நாலாவது வருஷம். முதல் வருஷம் முழுக்க, பயிற்சி முடிந்ததும் ஒரே கேள்வி: "நேத்து யார் மேல கோவப்பட்ட?" எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சலையும் மறுநாள் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

வள்ளலாருக்கு மனித குரு யாரும் இல்லையே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சென்னை ஏழுகிணறு பகுதியில் வளர்ந்து, ஒற்றியூருக்கு நடந்து நடந்து போய் வணங்கிப் பாடியவர் அவர். மூச்சை எண்ணி அடக்கி ஆரம்பித்தவர் இல்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவதைத்தான் முன்னால் வைத்தார், 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். பாடுவது, நடப்பது, கொடுப்பது, சும்மா உட்கார்வது, இதற்கெல்லாம் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை, இன்றே தொடங்கலாம். மூச்சை அடக்குவதற்கும் நெடுநேரத் தியானத்துக்கும்தான் ஆசிரியர் வேண்டும்.

சரி, அப்படிப்பட்ட ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் நாள் அவர் பேசுவதை விட அவர் கேட்பதைக் கவனியுங்கள். பிரஷர் உண்டா, என்ன மாத்திரை, ஆபரேஷன் ஏதாவது ஆயிற்றா, எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன வேலை. இவற்றைக் கேட்காமல் பாயை விரிக்கச் சொல்கிறவர் வேண்டாம். யாரிடம் படித்தீர்கள் என்று நீங்களும் கேளுங்கள். முகம் சுளித்தால் அதுவே பதில். மாதக் கட்டணம் வாங்குவதில் தப்பில்லை, அவருக்கும் வாடகை இருக்கிறது. ஆனால் அனுபவத்துக்கு விலை வைப்பது, மாத்திரையை விடச் சொல்வது, வீட்டில் மறைக்கச் சொல்வது, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் ஆளிடம் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. நல்லவராகத் தெரிந்தாலும் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சும்மா பழகிப் பாருங்கள்.

வெளிச்சம் தெரிகிறது, ஓசை கேட்கிறது என்று போய்ச் சொன்னால் நல்ல ஆசிரியர் பெரும்பாலும் "சரி, ஒழுங்கா தூங்குறியா?" என்றுதான் கேட்பார். தூக்கம் கெட்டு, பயம் பிடித்து, ஆள் இல்லாமல் குரல் கேட்டால் தியானத்தை விட்டுவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்றாலே சிரிக்கிற ஊர் இது, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

உங்கள் ஷிஃப்டுக்கு ஏற்றபடி ஒன்று சொல்கிறேன். விடியற்காலை நாலரை மணி என்றெல்லாம் கட்டிக்கொள்ளாதீர்கள். எப்போது தூங்கி எழுந்தாலும், பல் துலக்கியதும், வெறும் வயிற்றில் அரை மணி நேரம். நைட் முடிந்து வந்தால் முதலில் தூக்கம். உங்களுக்குப் பழக்கமான எளிய ஆசனங்கள் நாலைந்து, பிறகு பத்து நிமிஷம் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு தானாகப் போய் வருவதைப் பார்ப்பது. இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். லாரிப் புழுதியோ மணலிப் பக்கத்து வாடையோ தூக்கலாக இருக்கும் நாளில் மொட்டை மாடி வேண்டாம், ஜன்னலைச் சாத்தி உள்ளேயே உட்காருங்கள். பகல் ஷிஃப்ட் முடிந்து மனசு இறங்காவிட்டால் பட்டினத்தார் சமாதி திருவொற்றியூரில்தானே இருக்கிறது, வீட்டுக்குப் போகும் முன் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அந்த 25,000 ரூபாய் பேச்சை மட்டும் இன்று ராத்திரியே வீட்டில் சொல்லிவிடுங்கள்.