வங்கியில் வரும் ஓய்வூதியத்துக்கு ஏன் கருவூலத்துக்குப் போக வேண்டும்?

கேள்வி: என் அப்பா அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் தவறிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு, அப்பா கணக்கு வைத்திருந்த வங்கிக்குப் போனோம். “அது எங்கள் கையில் இல்லை, ட்ரெஷரிக்குப் போங்கள்” என்கிறார்கள். பணம் வங்கியில்தானே வருகிறது? கருவூலம் என்றால் அரசாங்க கஜானா என்றுதான் நினைத்திருந்தோம். அங்கே எங்களுக்கு என்ன வேலை? என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? (தென்காசி மாவட்ட வாசகி)

பதில்: அப்பாவின் மறைவுக்கு என் இரங்கல். துக்கத்தோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது எவ்வளவு கொடுமை என்பது தெரியும். அலைச்சலைக் குறைக்க முடிந்த அளவு சொல்கிறேன்.

நீங்கள் முதலில் வங்கிக்குப் போனதில் தவறில்லை. மத்திய அரசு, ரயில்வே ஓய்வூதியர் குடும்பங்கள் பெரும்பாலும் வங்கியில்தான் இந்த வேலையை முடிக்கின்றன. அக்கம்பக்கத்தில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ்நாடு அரசின் ஓய்வூதியத்தில் நடைமுறை வேறு. மாதாமாதம் எவ்வளவு என்று கணக்கிடுவது, அகவிலைப்படி உயர்ந்தால் சேர்ப்பது, பிடித்தம் இருந்தால் கழிப்பது, பட்டியல் போட்டுப் பணத்தை அனுப்ப ஆணையிடுவது எல்லாமே கருவூலம். சென்னையில் மட்டும் இதற்கென்று ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் தனியாக உண்டு. வங்கி, வந்த பணத்தை வரவு வைப்பதோடு சரி.

கஜானா என்றதும் பணம் அடுக்கி வைத்த அறைதான் மனத்தில் வரும். வங்கிக் கிளைகள் இல்லாத ஊர்களில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்று மாநில அரசுக்கு வங்கியாக இருப்பது ரிசர்வ் வங்கி. வரி, அரசு வாங்கும் கடன், கொடுத்த கடனில் திரும்பி வருவது எல்லாம் அரசியல் சாசனத்தின் 266-வது பிரிவுப்படி மாநிலத்தின் தொகுநிதியில் சேர்கின்றன. ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியைப் போல, அரசு பிறருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கும் பணம் பொதுக்கணக்கில் இருக்கும். தொகுநிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுப்பதானாலும் சட்டத்தின் அதிகாரம் வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பட்ஜெட்டை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றுவது அதனால்தான்.

சரி, சென்னையில் ஒதுக்கிய பணம் ஏதோ ஒரு தாலுகாவில் செலவாகும்போது அது முறைப்படிதான் போகிறதா என்று யார் பார்ப்பது? அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கருவூலம். மாவட்டத் தலைநகரில் மாவட்டக் கருவூலம், அதன் கீழே தாலுகாக்களில் சார்நிலைக் கருவூலங்கள். ஒரு பள்ளியின் சம்பளப் பட்டியல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டவருக்குப் பணம் பெற்று வழங்கும் அதிகாரம் உண்டா, செலவை அனுமதிக்கும் ஒப்பளிப்பு ஆணை இருக்கிறதா, எந்த வகைச் செலவு என்று காட்டும் கணக்குத் தலைப்பு சரியா, ஒதுக்கீட்டில் மிச்சம் உண்டா, இதே தொகை ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டதா என்றெல்லாம் பார்த்துத்தான் பாஸ் செய்வார்கள். குறை இருந்தால் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவார்கள். அந்த ஆண்டு செலவாகாத ஒதுக்கீடு மார்ச் 31-ஓடு காலாவதியாகிவிடும் என்பதால், மார்ச் கடைசி வாரத்தில் அங்கே யாரிடமும் நிதானமாகப் பேச முடியாது. உங்கள் வேலையை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்று முடிவு செய்வது நிதித்துறை. கருவூலத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. கொடுத்ததற்கும் வாங்கியதற்கும் மாதாமாதம் கணக்கு எழுதி, ரசீதுகளோடு மாநிலக் கணக்காயருக்கு (அக்கவுண்டன்ட் ஜெனரல்) அனுப்ப வேண்டும். அதைத் தணிக்கை செய்த அறிக்கை கடைசியில் சட்டமன்றத்துக்கே வருகிறது. இப்படி அனுமதிப்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், கணக்கு பார்ப்பவர் ஒருவர் என்று பிரித்து வைத்திருப்பது தாமதத்துக்கு வழிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் இந்தப் பிரிவினையை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் அம்மாவின் பெயரில் வேறொருவர் பணம் வாங்கிவிடாமல் காப்பதும் இதுதான்.

பூட்டி வைக்கும் வேலை அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. முத்திரைத்தாள் போன்றவை காப்பறையில் இரட்டைப் பூட்டில் இருக்கும்; இரண்டு அலுவலர்களும் தங்கள் சாவியோடு வந்தால்தான் திறக்கும். உழும்போது யாருக்காவது பொற்காசுப் பானை கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்து, புதையலை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்கும்போது கொண்டுவருவதற்குப் பிணை தர வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே போதும் என்கிறது அது.

இனி உங்கள் விஷயம். அப்பா ஓய்வு பெற்றபோது மாநிலக் கணக்காயர் ஓர் ஓய்வூதியக் கொடுப்பாணை வழங்கியிருப்பார். எல்லோரும் பி.பி.ஓ. என்று சொல்வது அதைத்தான். அதில் ஒரு பாதி அப்பாவிடம், மறு பாதி கருவூலத்தில். முதலில் பீரோவில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். குடும்ப ஓய்வூதியம் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புதிதாக அனுமதி வாங்க வேண்டியதில்லை, அப்பா ஓய்வூதியம் வாங்கிய கருவூலமே தொடங்கிவிடலாம். பெயர் இல்லாவிட்டால் அப்பா கடைசியாக வேலை பார்த்த பள்ளி வழியாகக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுமதி கேட்கும் கருத்துரு போக வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம். கருவூலத்தில் நின்று பயனில்லை, பள்ளியைத்தான் தொடர்ந்து கேட்க வேண்டும்.

பெயர் இருக்கிறது என்றால் அம்மாவை அழைத்துக்கொண்டு போங்கள். இறப்புச் சான்றிதழின் அசல், அப்பாவின் பி.பி.ஓ., அம்மாவின் ஆதார், பான் அட்டை, அம்மா பெயரிலுள்ள வங்கிப் புத்தகம், புகைப்படங்கள், எல்லாவற்றிலும் இரண்டு நகல்கள் கையில் இருக்கட்டும். விண்ணப்பம், அங்க அடையாளப் படிவம், மறுமணம் செய்யவில்லை என்ற சான்று ஆகியவற்றுக்கான படிவங்களை அங்கேயே கேட்டு வாங்கலாம்.

அங்கே நடப்பது என்ன தெரியுமா? எழுத்தர் தங்களிடமுள்ள பாதியை எடுத்து, நீங்கள் கொடுத்த பாதியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். படம், பெயர், பிறந்த தேதி, கையெழுத்து என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பி.பி.ஓ.வில் ‘லட்சுமி’, ஆதாரில் ‘லெட்சுமியம்மாள்’ என்று இருந்தால் அங்கேயே வேலை நின்றுவிடும். பெரும்பாலான குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இந்த எழுத்துப் பிசகில்தான். இன்றைக்கே எல்லா ஆவணங்களையும் பரப்பி வைத்துப் பெயரையும் தலைப்பெழுத்தையும் ஒப்பிட்டுவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் எதை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அதற்கான சான்றோடு போகலாம். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். குறை சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

பி.பி.ஓ.வில் குடும்ப ஓய்வூதியம் இரண்டு தொகைகளாக எழுதப்பட்டிருக்கலாம்: ஒரு தேதி வரை கூடுதல் விகிதம், அப்புறம் சாதாரண விகிதம். அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால், பிற்பாடு தொகை குறையும்போது பதற வேண்டியிராது. அம்மா ஆண்டுக்கொரு முறை நேர்காணலும், அதாவது உயிரோடிருப்பதை நேரில் வந்து காட்டுவதும், செய்ய வேண்டும். நேரில் போக முடியாதபோது ஜீவன் பிரமாண் மின்னணு வாழ்நாள் சான்று கொடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து இதைப் பதிவு செய்து தருவார்.

பலர் கேட்காமலே விட்டுவிடும் ஒன்று உண்டு. அப்பாவின் ஓய்வூதியத்தில் குடும்பப் பாதுகாப்பு நிதிக்காக மாதந்தோறும் ஒரு சிறு தொகை பிடித்திருப்பார்கள். அவர் அதில் சேர்ந்திருந்தால் அம்மாவுக்கு 50,000 ரூபாய் ஒட்டுமொத்தமாகக் கிடைக்கும். தனி விண்ணப்பம் வேண்டும், அதையும் அதே கருவூலத்தில்தான் கொடுக்க வேண்டும். முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

போன மாதத்துக்குப் பிறகும் அப்பாவின் கணக்கில் ஓய்வூதியம் விழுந்திருந்தால், ஏ.டி.எம். அட்டை கையில் இருக்கிறதே என்று எடுத்துவிட வேண்டாம். இறந்த தேதியைக் கருவூலத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் உயிரோடிருந்த நாட்களுக்கு உரியதைக் கணக்கிட்டு நிலுவையாகத் தருவார்கள். அதிகமாக வந்ததை எப்படியும் திரும்பப் பிடிப்பார்கள். எடுத்துச் செலவழித்திருந்தால் அம்மாவின் முதல் சில மாதத் தொகையிலேயே கை வைக்க வேண்டி வரும்.