வியாழக்கிழமைப் பையன் (கடிதம்)

அன்புள்ள அக்கா,

அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பது வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். என் ஏழாம் வகுப்பில் காது சரியாகக் கேட்காத பெண் ஒருத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அந்தப் பயிற்சி இல்லாததால் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. சிறப்புக் கல்வியில் எம்.எட். படித்துவிட்டு, இனி இந்தத் தெய்வக் குழந்தைகளோடு மட்டுமே இருக்க ஆசை. எங்கே சேரலாம்? 37 வயதில் இது தேவையா என்கிறார் கணவர்.

ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

வயதுப் பேச்சை விடுங்கள், அது ஒரு பொருட்டே இல்லை. படிப்பைப் பொறுத்தவரை, பொது பி.எட். மட்டும் வைத்துக்கொண்டு சிறப்புக் கல்வி எம்.எட்.டில் நேராக நுழைய முடியாது. முதலில் சிறப்புக் கல்வியில் பட்டயமோ பி.எட்.டோ வேண்டும். எங்கே சேர்ந்தாலும், சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1992 சட்டப்படி அதன் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்த வேலையைச் செய்வதே குற்றம். சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்திலும் கோவை ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவிலும் விசாரியுங்கள்.

சரி, இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். 'அவர்களோடு மட்டுமே' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'மட்டுமே'தான்.

என் தம்பிக்கும் காது கேட்காது. 2005 வாக்கில் அவன் ஐந்தாம் வகுப்பு. வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியை வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கு வருவார். தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, "டீச்சர் வர்ற அன்னைக்கு மட்டும் அனுப்புங்கம்மா, மத்த நாளுக்கு நாங்க வருகை போட்டுக்கிறோம்" என்றார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். அதை உதவி என்றே நினைத்தாள். மற்ற நாட்களில் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவன் திண்ணையில் நின்று பார்ப்பான். ஒரு திங்கட்கிழமை காலை, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் மூன்று தாளைக் கிழித்துவிட்டு, வியாழக்கிழமையை விரலால் தொட்டு அம்மாவிடம் காட்டினான். சீருடை போட்டிருந்தான், பித்தான்கள் மாறியிருந்தன.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்த வியாழக்கிழமை டீச்சர் நல்லவர். தொகுப்பூதியத்தில் ஊர் ஊராக பஸ் ஏறிப் போனவர். ஆனால் வாரத்தில் மீதி நான்கு நாளை அவரால் என்ன செய்ய முடியும்? அந்த நாட்கள் வகுப்பாசிரியருடையவை. 'என் வேலை இல்லை, அதற்கென்று ஆள் வருவார்' என்று அவர் நினைத்ததால்தான் தம்பி திண்ணையில் நின்றான். நீங்கள் எழுதியிருக்கும் 'அந்தப் பயிற்சி இல்லை' என்ற வரியும் அதே வரிதான், தங்கையே. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 7இலிருந்து 21 ஆக்கியது. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அத்தனை பேரும் வரட்டும், நீங்களும் அவர்களில் ஒருவராகுங்கள். ஆனால் படித்துவிட்டுக் கணக்கு வகுப்பை விட்டுப் போகாதீர்கள். சிறப்புக் கல்வி தெரிந்த கணக்கு டீச்சர்தான் நம் பள்ளிகளில் இல்லை.

அப்புறம், தெய்வக் குழந்தை என்று சொல்லாதீர்கள். அவள் ஏழாம் வகுப்பு மாணவி. அவளுக்குப் பின்னக் கணக்கு வேண்டும்.

நாளைக்கே அவளை இரண்டாவது பெஞ்சுக்கு மாற்றுங்கள். எந்தக் காது கொஞ்சமாவது கேட்கிறது என்று கேட்டு, அந்தக் காது உங்கள் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், உங்கள் முகம் இருட்டாகிவிடும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். எழுதி முடியுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். 'பாலை' என்றாலும் 'மாலை' என்றாலும் உதட்டில் ஒன்றுதான். அதனால் முக்கியமான சொல்லைப் பலகையில் எழுதிவிடுங்கள். பின்னால் இருந்து ஒரு பையன் பதில் சொன்னால் அதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், யார் பேசினார்கள் என்றே அவளுக்குத் தெரிந்திருக்காது. காதுக்கருவி இருந்தால் அதில் பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். தம்பியின் கருவி பல மாதம் சும்மாதான் மாட்டியிருந்தது.

இதற்கெல்லாம் எந்தப் பட்டமும் வேண்டாம். ஒரு மாதம் செய்துவிட்டு அவள் எப்படி இருக்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தை அதற்கப்புறம் நிரப்பலாம்.

அன்புடன்,
அக்கா