பாலியல் வழக்குகளில் பெயரை மறைப்பதால்தான் தண்டனை வீதம் குறைகிறதா?

கேட்கப்பட்டது இது: "பாலியல் குற்ற வழக்குகளில் முறைப்பாடு செய்தவரின் பெயரை மறைப்பதால் பொய் வழக்குகள் கூடுகின்றனவா? தண்டனை வீதம் இவ்வளவு குறைவாக இருப்பது அதற்குச் சான்று இல்லையா? அப்படியென்றால் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயரையும் மறைக்க வேண்டாமா?"

முதல் இரண்டுக்கும் என் பதில் "இல்லை" என்பதுதான். மூன்றாவதில் நியாயமான ஒரு கவலை இருக்கிறது, அதைப் பின்னால் பார்க்கிறேன்.

பெயர் மறைப்பு என்றதும், முகம் தெரியாத யாரோ குற்றம் சாட்டிவிட்டுப் போய்விடுகிறார் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் முறைப்பாடு செய்தவர் யாரென்று எதிரிக்குத் தெரியும். குற்றப்பத்திரத்தில் அவருடைய முழுப்பெயர் இருக்கும். அவர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து, எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் குறுக்கு விசாரணைக்கு முகம் கொடுத்தே ஆக வேண்டும். மறைக்கப்படுவது பத்திரிகை வாசகரிடமிருந்தும் பேஸ்புக் பக்கங்களிடமிருந்தும் மட்டும். ஆகவே எதிரி தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையில் ஒரு துளியும் குறைவதில்லை. வேண்டுமென்றே பொய் முறைப்பாடு கொடுப்பவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 180ஆம் பிரிவும், பொய்ச் சாட்சியம் சொல்பவருக்கு 190ஆம் பிரிவும் ஏற்கெனவே இருக்கின்றன. பெயர் மறைப்பு அவற்றில் எதையும் தடுக்காது.

இலங்கையில் இந்தப் பாதுகாப்பைத் தருவது தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவு. பாலியல் தொந்தரவு, வன்புணர்வு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த விபரத்தையுமோ அச்சிட்டால் அல்லது வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். விசாரணையின் தேவைக்காகப் பொலிஸ் அதிகாரி நல்லெண்ணத்துடன் எழுத்தில் அனுமதித்தால் வெளியிடலாம். பாதிக்கப்பட்டவரே எழுத்தில் சம்மதித்தாலும் வெளியிடலாம்.

"அடையாளம் காட்டக்கூடிய எந்த விபரமும்" என்ற பகுதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு செய்தியைக் கற்பனை செய்து பாருங்கள்: கொட்டாஞ்சேனையில் இன்ன வீதி, இன்ன பாடசாலையில் ஒன்பதாம் தரம், தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண், கைதானவர் பெரியப்பா. பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்த வீதியில் இருக்கிற எவருக்கும் பிள்ளை யாரென்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். இதில் பாடசாலையும் வீதியும் விடுபட்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும். கைதானவர் நெருங்கிய உறவினராக இருந்தால் அவர் பெயரும் சேர்ந்து விடுபட வேண்டும், இல்லையேல் பிள்ளையின் பெயரை மறைத்துப் பயனில்லை. முகத்தை மங்கலாக்கிவிட்டு வீட்டு வாசலைப் படம் பிடித்துப் போடுவதும் இதே தவறுதான்.

இனித் தண்டனை வீதம். இந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் கேட்க வேண்டியது, எதில் எத்தனை வீதம் என்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பல வருடங்களாக "வன்புணர்வு வழக்குகளில் 6 வீதம்தான் தண்டனை" என்று சொல்லப்பட்டு வந்தது. 2010இல் பரோனஸ் ஸ்டேர்ன் தலைமையிலான மீளாய்வு அதைத் தெளிவாக்கியது. 6 வீதம் என்பது பொலிஸில் பதிவான எல்லா முறைப்பாடுகளிலும் வன்புணர்வுக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களின் பங்கு. நீதிமன்றம் வரை கொண்டுவரப்பட்டவர்களில் அந்தக் குற்றத்துக்கோ வேறொரு குற்றத்துக்கோ குற்றவாளியாகக் காணப்பட்டவர்கள் 58 வீதம். ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே காலம்; கணக்கின் கீழ்த்தொகை மாறியதால் விடை கிட்டத்தட்டப் பத்து மடங்கு மாறுகிறது. முறைப்பாட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில்தான் பெரும்பாலான வழக்குகள் கரைந்துபோகின்றன. அப்படிக் கரைந்தவற்றை எல்லாம் பொய் வழக்குகள் என்று எண்ணுவது கணக்கையே பிழையாக வாசிப்பதாகும். சாட்சியம் போதாமல் விடுதலையாவதும் முறைப்பாடு பொய் என்று நிரூபிக்கப்படுவதும் வேறு வேறு.

எங்கள் நாட்டுப் புள்ளிவிபரத்தை வாசிக்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. ஒரு வருடத்தில் வந்த முறைப்பாடுகளை அதே வருடத்தில் தீர்ப்பான வழக்குகளோடு ஒப்பிட்டால், வீதம் எப்போதுமே மிகச் சின்னதாகத்தான் தெரியும். அந்த வருட வழக்குகள் அநேகமாக எல்லாம் நிலுவையில் கிடக்கும். பொலிஸ் விசாரணை, நீதவான் முன் பி அறிக்கை (பொலிஸ் விசாரணை பற்றிய அறிக்கை), சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கோவை, அங்கிருந்து குற்றப்பத்திரம், பிறகு மேல் நீதிமன்றம் என்று ஒரு வழக்கு நகர வருடக்கணக்கு எடுக்கும். சரியான கணக்கு வேண்டுமென்றால் ஒரு குறித்த வருடத்தில் தொடங்கிய வழக்குகளை முடிவு வரை பின்தொடர வேண்டும். அதோடு, வன்புணர்வு என்று பதிவாகும் முறைப்பாடுகளில் கணிசமான பங்கு 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சம்பந்தப்பட்டவை. அந்த வழக்குகளில் சம்மதம் என்ற கேள்வியே எழாது, உடலுறவு நடந்ததையும் வயதையும் நிரூபித்தால் போதும். அவற்றையும் வளர்ந்த பெண்களின் வழக்குகளையும் ஒன்றாகக் கூட்டி ஒரு வீதம் எடுத்தால் அது இரண்டைப் பற்றியும் சரியாக எதையும் சொல்லாது.

முறைப்பாட்டுக்கு முன்னரே நின்றுவிடுபவை இன்னும் பல. 2019ஆம் ஆண்டின் பெண்கள் நல்வாழ்வு மதிப்பாய்வில், துணைவரால் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்களில் 49.3 வீதமானோர் எந்த நிறுவனத்திடமும் உதவி கேட்டுப் போகவில்லை. வெட்கமும், தம்மைத்தான் குறை சொல்வார்கள் என்ற பயமும், நம்பமாட்டார்கள் என்ற எண்ணமும் அவர்கள் சொன்ன காரணங்களில் இருக்கின்றன. பெயர் வெளியே வராது என்ற உறுதி இல்லாமல் இந்தத் தொகை குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் வழக்கு எங்கே உடைகிறது? கொழும்பில் தமிழ் பேசுபவர்களைப் பொறுத்தவரை முதல் இடம் வாக்குமூலம். சிங்களத்தில் எழுதப்படும் வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள். பெண் "விளக்கு வைத்த பிறகு" என்று சொல்கிறார், எழுதுபவர் "இரவு 8.00" என்று போட்டுவிடுகிறார். நான்கைந்து வருடம் கழித்து மேல் நீதிமன்றத்தில் அவர் "ஆறரை, ஏழு இருக்கும்" என்றதும், எதிர்த்தரப்பு எழுந்து பழைய வாக்குமூலத்தைக் காட்டும். அந்த முரண்பாடு "வி 1" என்று குறியிடப்படும். இப்படி வி 2, வி 3 என்று சேர்ந்தால், உண்மை சொல்லும் சாட்சியும் நம்ப முடியாதவராகத் தெரியத் தொடங்குவார்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. தமிழில் வாக்குமூலம் கொடுக்கும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். தமிழ் தெரிந்த பெண் அதிகாரி அந்த நிலையத்தில் இல்லையென்றால் பொலிஸ் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்தின் ஊடாக ஒருவரை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின்படி எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நேரம், திகதி, இடம், யார் யார் இருந்தார்கள் என்ற நான்கையும் குறிப்பாகக் கேளுங்கள். நேரம் சரியாகத் தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதச் சொல்லுங்கள். அனுமானத்தில் சொன்ன ஒரு மணிக்கணக்கு பின்னால் வழக்கையே தின்றுவிடும். மருத்துவப் பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரி கேட்கும் சுருக்கமான விபரமும் அவருடைய அறிக்கையில் எழுதப்படும், அதுவும் பிறகு ஒப்பிடப்படும்.

மருத்துவப் பரிசோதனையில் நேரமே பெரிய எதிரி. பொலிஸுக்குப் போன பிறகுதான் வைத்தியசாலைக்குப் போகலாம் என்று இல்லை. நேரே கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு, பிள்ளை என்றால் லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலைக்குப் போகலாம். அங்குள்ள பொலிஸ் காவலரண் மூலம் முறைப்பாடு நகரும். உயிரியல் தடயம் கிடைக்கும் வாய்ப்பு முதல் 72 மணித்தியாலத்துக்குள்தான் அதிகம். எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும். அவசர கருத்தடை மாத்திரை எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. குளிக்காமல், உடுப்புகளைத் தோய்க்காமல் போக வேண்டும். உடுப்பை ஷொப்பிங் பையில் போட்டு முடிச்சுப் போடுவதுதான் வீடுகளில் வழக்கமாக நடக்கும் பிழை. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் நின்று பூஞ்சணம் பிடித்தால் மரபணுத் தடயம் சிதைந்துவிடும். கடதாசிப் பையில், ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனியாக வையுங்கள். 72 மணித்தியாலம் கடந்துவிட்டது என்பதற்காகப் போகாமல் விடவும் வேண்டாம். பரிசோதனை உங்கள் சம்மதத்துடன்தான் நடக்கும்.

காயம் இல்லை என்று அறிக்கையில் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று சட்டத்தரணிகளே சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது சரியில்லை. 363ஆம் பிரிவின் விளக்கமே, சம்மதமின்மையை நிரூபிக்க உடற்காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் அவசியமில்லை என்கிறது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவின்படி எந்தச் சம்பவத்தையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று இல்லை. பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் உறுதிப்படுத்தும் வேறு சாட்சியம் இல்லாமலும் குற்றவாளியாகக் காணலாம் என்பதை எங்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1986இலேயே ஏற்றிருக்கிறது. ஆனால் ஒரே சாட்சியில் வழக்கு நிற்கும்போது, அந்தச் சாட்சி கடைசி வரை நிற்க வேண்டும். பெயர் மறைப்பு தண்டனை வீதத்தைத் தொடும் இடம் இதுதான்.

வருடக்கணக்கில் இழுபடும் வழக்கில் முறைப்பாட்டாளர் இடையில் படித்து முடித்திருப்பார், வேலைக்குப் போயிருப்பார், கல்யாணமும் ஆகியிருக்கும். பத்திரிகை அவர் பெயரை வெளியிடவில்லை. ஆனால் ஒரு நாள் காலையில் சீருடை போட்ட பொலிஸ்காரர் அழைப்பாணையோடு மாமியார் வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அன்றோடு அந்தச் சாட்சி வழக்கை விட்டு ஒதுங்கிவிடுவார். கொழும்பு புதுக்கடை நீதிமன்றத் தாழ்வாரத்தில் முழுப்பெயரை உரத்துக் கூப்பிடுவதும் இதே வேலையைச் செய்யும். இவற்றை முன்கூட்டியே சரிசெய்யலாம். அழைப்பாணை தொலைபேசியில் அறிவிக்கப்பட்டு வேறு முகவரியில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். சாட்சி இலக்கத்தால் அழைக்குமாறு அரச சட்டவாதியிடம் சொல்லி வையுங்கள். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை பாலியல் விடயங்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் பொதுமக்களை வெளியேற்றும் அதிகாரத்தை நீதிபதிக்குத் தருகிறது. அதையும் கேட்டால்தான் கிடைக்கும். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேறோர் இடத்திலிருந்து காணொளி மூலம் சாட்சியம் அளிக்கவும் விண்ணப்பிக்கலாம்.

எதிரியின் பெயரைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். விடுதலையான ஒருவரின் பெயர் கூகுளில் என்றைக்கும் கிடப்பது கொடுமைதான். குற்றவாளியாகக் காணப்படும் வரை நிரபராதி என்பது எங்கள் அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை. இங்கிலாந்து இதைச் செய்தும் பார்த்தது: 1976இல் இரு தரப்பின் பெயரையும் மறைத்தார்கள், 1988இல் எதிரிக்கான மறைப்பை நீக்கினார்கள். 2010இல் அதைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக அறிவித்த அரசாங்கம், போதிய ஆதாரம் இல்லையென்று அதே வருடமே கைவிட்டது. அயர்லாந்தில் வன்புணர்வு வழக்கின் எதிரிக்குக் குற்றவாளியாகும் வரை பெயர் மறைப்பு உண்டு. என் நிலைப்பாடு, கைதாகும் கட்டத்தில் பொலிஸும் ஊடகமும் பெயரை அடக்கி வாசிக்க வேண்டும், குற்றப்பத்திரம் தாக்கலான பிறகு மறைக்கக் கூடாது என்பது. ஒரு ஆசிரியரோ பயிற்றுவிப்பாளரோ பலரிடம் நடந்துகொண்டிருந்தால், பெயர் தெரிய வந்த பிறகுதான் மற்றவர்கள் "எனக்கும் நடந்தது" என்று வருவார்கள். கொலைக்கும் கொள்ளைக்கும் இல்லாத மறைப்பை இதற்கு மட்டும் கொடுத்தால், இந்த முறைப்பாடுகள் மற்றவற்றைவிட நம்பத்தகாதவை என்று சட்டமே சொன்னதாகிவிடும்.

தீர்ப்புக்குப் பின்னால் வருவதையும் கணக்கில் எடுங்கள். வன்புணர்வுக்குக் குறைந்தது 7 வருடம் என்று 364ஆம் பிரிவு சொன்னாலும், பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் தற்துணிபை, அதாவது தண்டனையைத் தானே தீர்மானிக்கும் அதிகாரத்தை, தடுக்காது என்று 2008இல் உயர் நீதிமன்றம் கூறியது. ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் புள்ளிவிபரத்தில் "தண்டனை"தான். குற்றச்சாட்டைக் குறைத்து ஒப்புக்கொள்வதும் அப்படியே. வீதம் கூடிவிட்டது என்று யாராவது காட்டினால் இந்தப் பிரிப்பையும் கேளுங்கள்.

பெயர் ஏற்கெனவே வெளியாகிவிட்டதென்றால், நீக்கச் சொல்லும் முன் இணைய முகவரி, திகதி, நேரம் தெரியத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பதிவை முதலில் நீக்க வைத்துவிட்டு ஆதாரம் இல்லாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது. பிறகு 365இ பிரிவைக் குறிப்பிட்டு பொலிஸில் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். பத்திரிகை என்றால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கும் அனுப்பலாம். கண்டிக்கிற நோக்கத்தில்கூட அந்த இணைப்பைப் பகிர வேண்டாம், அதுவும் வெளியீடுதான். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929.